லுயீஸ் கொண்டுவந்த பாத்திரம்

மேசையில் ஒரு பாத்திரம் அதிகமாக இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். செல்வாம்பாள் பெரிய கடை மார்க்கெட்டில் தானிய மண்டி வைத்திருந்த நாராயணசாமியின் மகள். எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் சரக்கை எண்ணிவிட்டுத்தான் ஆட்களைப் பார்ப்பாள். கூடியிருந்த பெண்கள் அவளையும் மதாமையும் சேர்த்து ஆறு பேர். ஆளுக்கு ஒரு பதார்த்தம் என்பதுதான் பேச்சு. வெள்ளைத் துணி விரித்த நீள மேசையில் ஏழு இருந்தன. ஏழாவது, மேசையின் கடைக்கோடியில், யாரும் உட்காராத நாற்காலிக்கு முன்னால் இருந்தது. இரண்டு காதுகள் வைத்த வெள்ளைப் பீங்கான் பாத்திரம், மூடியில் நீலப் பூக்கள், விளிம்பில் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது.

"அது யாரோடதுக்கா?" என்று தன்னைக் கூட்டிவந்த ராஜாம்பாளிடம் கேட்டாள். அடுத்த தெரு ராஜாம்பாள் ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்லக்கூடியவள். அவள் முள்கரண்டியை நேராக்கி வைத்தாள், மறுபடி நேராக்கினாள்.

"அது இருக்கட்டும்" என்றாள் வீட்டுக்கார மதாம் ஜோசஃபின், மேசையின் தலைமாட்டிலிருந்து.

வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரத் தெருக்களில் இருந்த மதாம் வீட்டில் மாதக் கடைசி ஞாயிறு பிற்பகல் கூடும் இந்தக் கூட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் செர்க்கிள், பிரெஞ்சில் வட்டம். கப்பலில் வந்த தடித்த பிரெஞ்சுச் சமையல் புத்தகம் ஒன்று மதாமிடம் இருந்தது. மாதம் ஒரு பகுதியைப் படித்துத் தமிழில் சொல்லுவாள். அவரவர் வீட்டில், அவரவருக்குக் கிடைத்ததைப் போட்டுச் சமைத்து எடுத்துவர வேண்டும். எல்லோரும் எல்லாவற்றையும் ருசி பார்ப்பார்கள். வழித்துத் தீர்ந்த பாத்திரக்காரிக்கு அன்றைக்கு ராணி மரியாதை. யாரும் தொடாத பாத்திரத்தை, கொண்டுவந்தவளே நிறைகுடமாகத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேரவேண்டும். பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷமாகியும், சட்டத்தில் எத்தனையோ மாறியும், இந்த ஒரு சட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

செல்வாம்பாளுக்கு வாய்க்காலைத் தாண்டி ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. அவளிடம் பெரிய நகை இல்லை, ஒரு வார்த்தை பிரெஞ்சு இல்லை. கை இருந்தது. அவள் கிள்ளிப் போட்டால் அது உப்பில்லை, வேறு ஏதோ. துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அவள் புருஷன் ஜானகிராமன், கலெக்டரிலிருந்து கடவுள்வரை நக்கலடிக்கிறவன், இலைக்கு முன்னால் மட்டும்தான் வாயை மூடுவான். நாலு வயது சந்திரகலா வேறு யார் ஊட்டினாலும் துப்பிவிடுவாள். அம்மா உருண்டை பிடித்து, மூன்று தரம் ஊதி, பக்கத்தில் கொண்டுவருவதற்கு முன்பே 'ஆ' என்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள். இந்தக் கை இருக்கிறவரை இந்த வீடு என்னுடையது என்று செல்வாம்பாள் நினைத்தாள். சிரித்துக்கொண்டுதான் நினைத்தாள், ஆனால் நினைத்தாள்.

அந்த மாதம் மீன். அவள் வைத்திக்குப்பத்துக் கொடுவாய் மீனை வாங்கி, புத்தகம் சொன்னபடி தன் பித்தளை உருளியில் சூப் வைத்து, புத்தகம் சொல்லாதபடி தன் கையால் உருட்டிக் காயவைத்த வெங்காய வடகத்தை நெய்யில் தாளித்துக் கொட்டியிருந்தாள். மூடியைத் திறந்ததும் அந்த மணம் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அதற்குப் பிறகு பிரெஞ்சும் இல்லை, நாகரிகமும் இல்லை. மதாமே ரொட்டித் துண்டால் உருளியின் அடியைத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அடியே செல்வா, ஒரே நாள்ல எங்க எல்லார் பொழப்புலயும் மண்ணள்ளிப் போட்டுட்டியேடி" என்றாள் ராஜாம்பாள்.

அப்போது மழை பிடித்தது. ஐப்பசி மழை, காற்றோடு. மரச் சன்னல்கள் அடித்துக்கொள்ள, பெண்கள் ஆளுக்கொரு பக்கமாகச் சாத்த ஓடினார்கள். வீடு பழக்கமில்லாத செல்வாம்பாள் மட்டும் மேசையருகே நின்றாள். வெளிச்சம் மங்கி, ஈரச் சுண்ணாம்பு வாசனையும் கடல் வாசனையும் கலந்து உள்ளே வந்தது. எல்லாப் பாத்திரமும் காலி. கடைக்கோடியில் அது மட்டும் மூடி போட்டபடி.

விலைபோகாமல் ஒரு மூலையில் கிடக்கும் சரக்கு என்றாலே அவளுக்குக் கண்ணை உறுத்தும். யாரோ ஒருத்தி கொண்டுவந்திருக்கிறாள், இந்தச் சீமாட்டிகள் கூடிப் பேசி அவளை ஒதுக்கியிருக்கிறார்கள், அவமானப்பட்டுச் சமையற்கட்டில் எங்கேயோ நிற்கிறாள் என்று நினைத்தாள். இன்றைக்கு ராணி தான்தானே. ஒரு வாய் வைத்தால் கிரீடம் இறங்கியா போய்விடும்?

மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. எத்தனையோ நேரமாக மேசையில் இருந்தது, இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியதுபோலக் கொதித்தது. தேங்காய்ப் பாலில் மீன், ஏதோ பெயர் தெரியாத சீமைப் புல்லின் வாசனை. ஒரு கரண்டி ஊற்றிக் குடித்தாள். ருசி நாக்கில் நிற்கவில்லை, நெஞ்சுக்குள் இறங்கியது. ஒருத்தி பொழுதெல்லாம் அடுப்படியில் நின்று, யாராவது ஒரு வாய் வைப்பார்களா, ஒரே ஒரு வாய், என்று பார்த்துப் பார்த்துச் செய்த சமையல் அது. செல்வாம்பாள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். பிறகு இன்னொன்று.

நிமிர்ந்தபோது ஐந்து பெண்களும் வாசற்படியில் நின்றார்கள். மதாம் நெற்றியிலிருந்து மார்புக்குச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பாவி, வாயில வச்சிட்டியா?" என்றாள் ராஜாம்பாள், மெதுவாக.

அவ்வளவுதான். பிறகு எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிட்டது. மழையிலேயே கிளம்பினார்கள். மின்சாரம் போய்விட்டது, வேலைக்காரி கொளஞ்சி இருட்டில் தடவித் தடவி அவரவர் கூடையில் அவரவர் பாத்திரத்தை வைத்துக் கொடுத்தாள். ரிக்‌ஷாவில் கூடையை மடியில் வாங்கியபோது செல்வாம்பாளுக்குச் சின்னதாக ஒரு நெருடல். அவள் கை தராசு. சின்ன வயதில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூட்டையை லேசாகத் தூக்கிப் பார்த்து எடை சொல்லி, தரகர்களை வாய்பிளக்க வைத்தவள். வழித்துத் தின்ற உருளி இவ்வளவு கனக்காது.

வீட்டில் விளக்கடியில் கூடையைத் திறந்தாள். உருளி இல்லை. நீலப் பூ மூடி. உள்ளே ஒன்றும் இல்லை, துடைத்துவைத்தது மாதிரி காலி. தூக்கினாள். நிறைந்த பாத்திரத்தின் கனம்.

"என்னா செல்வா, பித்தளையப் போட்டுட்டுப் பீங்கான் வாங்கியாந்திருக்க? நாராயணசாமி மக ஏமாந்துட்டான்னு மார்க்கெட்டு பூரா தண்டோரா போட்டுட வேண்டியதுதான்" என்றான் ஜானகிராமன்.

"இருட்டுல மாத்தி வச்சிட்டாங்க. காலைல குடுத்துட்டு நம்மளத வாங்கியாறேன்."

காலையில் அதைக் கழுவினாள். மதாம் வீட்டுக்குப் புறப்படும்போதுதான் கை நின்றது. பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது. அவள் பிறந்த வீட்டில் அது பழக்கம், புகுந்த வீட்டிலும் அது பழக்கம். ஒரு பிடி அரிசியோ, ஒரு கட்டி வெல்லமோ போட்டுத்தான் அடுத்தவர் பாத்திரம் அடுத்தவர் வீட்டுக்குப் போகும். நேற்று எல்லோரும் கொண்டாடியது ஞாபகம் வந்தது. பானையிலிருந்து வடகத்தில் இரண்டு உருண்டை எடுத்தாள். அவள் கை பிடித்த உருண்டை, விரல் தடங்கள் நாலும் அதில் பதிந்து காய்ந்திருந்தன. போட்டாள், மூடினாள்.

மதாம் ஜோசஃபின் கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"வெறும் பாத்திரமாத்தானே கொண்டாந்தீங்க?"

"வெறுமனே எப்படி மதாம் குடுக்கறது? எங்கள்ல வழக்கமில்ல. நீங்க அவ்ளோ ஆசையா சாப்ட்டீங்களேன்னு ரெண்டு உருண்ட வடகம்…"

மதாம் ஒரு அடி பின்னால் போனாள். "மூடியத் திறங்க."

செல்வாம்பாள் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. வடகத்தின் மணம் மட்டும் இருந்தது, அதுவும் அவள் பார்க்கும்போதே, யாரோ மூச்சை உள்ளே இழுப்பதுபோலக் குறைந்து, இல்லாமல் போனது.

"வாங்கிக்கிட்டா" என்றாள் மதாம்.

"யாரு?"

"லுயீஸ்." கதவிடுக்கில் மதாமின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. "சைகோன்லேர்ந்து வந்தவ. புருஷன் அங்கயே செத்துட்டான், புள்ளகுட்டி இல்ல. மாசா மாசம் கூட்டத்துக்குக் கொண்டாருவா. நாங்க யாரும் தொட மாட்டோம். ஏன்னு கேட்டா என்னா சொல்றது… ஒரு வெளையாட்டுதான். அவ அப்படியே தூக்கிட்டுப் போவா, அடுத்த தடவ மறுபடி கொண்டாருவா. போன மழைக்கு அவ வூட்டுக் கதவ ஒடச்சிப் பாத்தப்ப இத மடியில வச்சிக்கிட்டு அடுப்பு முன்னாடி ஒக்காந்திருந்தா. உயிர் போயிக் கொள்ள நாளாயிருந்திச்சி. இது மட்டும் சூடா இருந்திச்சி."

தெருவில் மீன்காரி ஒருத்தி கூவிக்கொண்டு போனாள். மதாம் கதவை இன்னும் ஒரு விரல் சாத்தினாள்.

"அதுக்கப்புறமும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் மேசைல இருக்கு. நாங்க வாங்கினதும் இல்ல, குடுத்ததும் இல்ல. நீங்க ரெண்டையும் செஞ்சிட்டீங்க."

"என் உருளியக் குடுங்க, நான் போறேன்."

"உங்க உருளி இங்க இல்லியே" என்றாள் மதாம். கதவு மூடிக்கொண்டது.

செல்வாம்பாள் பாத்திரத்தை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். படித்த பெண்பிள்ளை, தேவாலயம் போகிறவள், பேசுகிற பேச்சைப் பார் என்று வாய்க்கால்வரை திட்டினாள். வாய்க்காலைத் தாண்டியதும் திட்டு நின்றுபோனது. வாங்கியாயிற்று. கொடுத்தாயிற்று. அப்பாவின் மண்டியில் ஒரு மூட்டை மிளகாய்க்கு ஒரு கைப்பிடி மிளகாய்தான் அச்சாரம். கைப்பிடி மாறிவிட்டால் மூட்டை மாறிவிட்டதாக அர்த்தம். பிறகு யாரும் பேச்சு மாற மாட்டார்கள். என்ன மூட்டைக்கு நான் அச்சாரம் கொடுத்தேன்?

வீட்டில் அடுப்பின்மேல் அவள் உருளி இருந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளத்தது. தொட்டாள். வெதுவெதுப்பு.

அன்றைக்கு மதியம் ஜானகிராமன் முதல் கவளத்தை வாயில் போட்டு, மென்று, தண்ணீர் குடித்தான்.

"என்னாடி இது, ஆஸ்பத்திரிச் சாப்பாடாட்டம் இருக்கு? வார்டுல என்னச் சேத்துட்டியா?"

அவள் ருசி பார்த்தாள். உப்பு இருந்தது, புளி இருந்தது, காரம் இருந்தது. எல்லாம் இருந்தன, தனித்தனியாக. சந்தையில் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதுபோல. சந்திரகலா ஒரு வாய் வாங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, வாயோரமாக ஒழுகவிட்டாள்.

மறுநாள் வேறு குழம்பு. அதே கதை. வடகத்தைத் தாளித்தாள், எண்ணெயில் கருகுகிற சத்தம் கேட்டது, மணம் வரவில்லை. பானையைக் கையில் எடுத்தவளுக்குத் திடுக்கென்றது. எடை தெரியவில்லை. அரிசிப் படியைத் தூக்கினாள், அம்மிக் குழவியைத் தூக்கினாள். எல்லாம் ஒன்றுதான், பஞ்சுதான். உள்ளங்கையில் எதுவும் உட்காரவே இல்லை.

மூன்றாவதோ நாலாவதோ நாள், மீன்காரி வாசலில் கூடையை இறக்கிச் சிரித்தாள். வைத்திக்குப்பத்துக்காரி, வருஷக்கணக்காக வாடிக்கை.

"இப்பதானம்மா வாங்கிக்கினு உள்ள போனீங்க? மறுபடியும் வாரீங்க? அதான் கேக்கணும்னு நெனச்சேன், ஒடம்பு கிடம்பு சரியில்லயா? சொன்ன வெலைக்கு எடுத்துக்கினீங்க, வாயே தொறக்கல. நீங்க பேரம் பேசாம நான் மீன் வித்ததே இல்ல."

"நான் வாங்கலியே."

"நல்லா இருக்கே கூத்து! இதே பொடவ. இதே கை."

செல்வாம்பாள் உள்ளே ஓடினாள். கூடத்தில் இருட்டு. மழை மூட்டத்தில் பகலிலேயே அந்தி மாதிரி ஒரு சாம்பல் வெளிச்சம். சமையற்கட்டிலிருந்து மணம் வந்தது. வடகம். நெய்யில் பொரிகிற வடகம், அவளுடையது, நாலு நாளாக அவளுக்குக் கிடைக்காத மணம். வளையல் சத்தம். கரண்டி உருளியில் இரண்டு தட்டுத் தட்டுகிற சத்தம்; குழம்பை இறக்குமுன் அப்படித் தட்டுவது அவள் பழக்கம். வாசற்படியைத் தாண்டினாள்.

யாரும் இல்லை. அடுப்பில் தணல். உருளியில் குழம்பு, இன்னும் அலைந்துகொண்டிருந்தது.

சந்திரகலா மூலையில் உட்கார்ந்திருந்தாள். உதட்டோரம் சோற்றுப் பருக்கை.

"யாருடி கண்ணு ஊட்டுனது?"

"நீதான்." குழந்தை சிரித்தது. "நல்லா ஊதி ஊதிக் குடுத்த."

"அப்புறம்?"

"அப்புறம் அங்க போயிட்ட." சாமான் அறையைக் காட்டியது.

அந்த அறையில் பானைகளும் இருட்டும் இருந்தன. சீமைப் புல்லின் வாசனையும் இருந்தது. அவள் வெளியிலிருந்தே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தாழ்ப்பாளின் இரும்பு கையில் படவில்லை.

அன்று இரவு ஜானகிராமன் மூன்றாம் முறை சோறு கேட்டான். "அப்பாடா, வந்துட்டா பழைய செல்வா. நாலு நாளா யாரையோ வெலைக்கு வாங்கியாந்து வச்சாப்புல இருந்திச்சி" என்றான். அவள் பக்கம் பார்த்துச் சொல்லவில்லை. சமையற்கட்டைப் பார்த்துச் சொன்னான்.

"ஏங்க, அத நான் சமைக்கல."

அவன் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தான்.

"ஏங்க."

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தேன்" என்றான், சமையற்கட்டைப் பார்த்து.

உள்ளே வளையல் சத்தம் கேட்டது.

அதன்பிறகு அவள் காவல் இருந்தாள். அடுப்புக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள், தணலை அவித்து, உருளியைக் கவிழ்த்து, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு. கொல்லையில் ஒரு கதவு ஆடும். ஒரு தரம் தலையைத் திருப்புவாள். திரும்புவதற்குள் அடுப்பு எரியும். குழம்பு கொதிக்கும். மடி காலியாக இருக்கும். அடுத்த அறையில் மூன்று தரம் ஊதுகிற சத்தம் கேட்கும். 'ஆ' என்ற சின்னக் குரல் கேட்கும். ஓடிப்போனால் குழந்தை தனியாக மென்றுகொண்டிருக்கும். மடியில் மறுபடி தூக்கி வைத்துக்கொள்வாள். நாலு வயதுக் குழந்தை. எடையே இல்லை.

வாரக் கடைசியில் மீன்காரியின் குரல் வாசலில் கேட்டது. "அடேங்கப்பா, இன்னிக்கி என்னக் கொன்னுட்டீங்களேம்மா! இப்படிப் பேரம் பேசுனா நான் கட்டுமரத்தைத்தான் விக்கணும்!" கூடவே ஒரு சிரிப்பு. செல்வாம்பாள் சாமான் அறைக் கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்டாள். அது அவளுடைய சிரிப்பு. கடைசியில் லேசாக மூக்கால் முடியும். ஜானகிராமன் வழக்கமாக அதைக் கேலி செய்வான்.

அது பழகிக்கொண்டு வருகிறது.

முடித்துவிட வேண்டும், என்று அப்போதுதான் தீர்மானித்தாள். ஒப்பந்தத்தை முறிக்க வழி இல்லாத வியாபாரம் கிடையாது. அச்சாரம் கொடுத்தவள் அச்சாரத்தைத் திருப்பிக் கேட்கலாம். கொடுக்காவிட்டால் பஞ்சாயத்தைக் கூட்டலாம். பஞ்சாயத்து மேசை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு வாய் அந்தப் பாத்திரத்திலிருந்து சாப்பிடட்டும். லுயீஸ் கேட்டது அவ்வளவுதானே? செய்த வினையை ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்குக் கொஞ்சம்தானே வரும். பங்குபோட்டால் என் கை என்னிடம் வரும், என் வீடு என்னிடம் வரும்.

மாதக் கடைசி ஞாயிறு. விடிந்ததிலிருந்து தூறல். சாப்பாடானதும் ஜானகிராமனிடம் "நான் மதாம் வூட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றாள். அவன் கண்ணாடி முன் நின்று தலை சீவினான். சந்திரகலாவுக்குப் பட்டுப் பாவாடை கட்டியிருந்தது. செல்வாம்பாள் கட்டிவிடவில்லை.

ரிக்‌ஷாக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டாள். நிற்கவில்லை. நடந்தாள். வாய்க்காலில் செம்மண் தண்ணீர் கரைதொட்டு ஓடியது. அதில் அவள் தெரியவில்லை, மழையினால் இருக்கலாம்.

மதாம் வீட்டு வாசற்படியில், அவள் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே, அது இருந்தது. மழைத் துளிகள் மூடியில் விழுந்ததும் ஆவியாயின. தூக்கினாள்.

கனம்.

எத்தனை நாளைக்குப் பிறகு கையில் ஒரு கனம்! உள்ளங்கை, மணிக்கட்டு, தோள்வரை இறங்கிய நல்ல, நிஜமான கனம். அழுகை வந்தது. அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மேசையில் வெள்ளைத் துணி. பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. ராஜாம்பாளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, உட்காரப் போனாள். ராஜாம்பாள் அதன்மேல் கைப்பையை வைத்தாள்.

"செல்வாவுக்குப் போட்டு வச்சிருக்கேன்" என்றாள், அந்தப் பக்கத்து ஆளிடம்.

"அக்கா, நான்தான்."

ராஜாம்பாள் முள்கரண்டியை நேராக்கினாள்.

மீதி இருந்தது கடைக்கோடி நாற்காலி. உட்கார்ந்தாள். பாத்திரத்தை முன்னால் வைத்தாள். "மதாம், ஒரு வாய் சாப்டுங்க. எல்லாரும் ஒரு வாய். அவ்ளோதான், முடிஞ்சிடும்" என்றாள். மதாம் ஜோசஃபின் பாத்திரத்தைப் பார்த்தாள். பாத்திரத்தை மட்டும். சிலுவை போட்டுக்கொண்டாள். நாற்காலியை அரை சாண் நகர்த்தினாள்.

வாசலில் ரிக்‌ஷா மணி.

ஜானகிராமனின் குரல்: "எறங்குங்க மகாராணி! ஜாக்கிரதை, உருளிக்கு ஒண்ணு ஆச்சின்னா ராத்திரி எனக்குச் சோறு கெடையாது." ஒரு சிரிப்பு. மூக்கால் முடிகிற சிரிப்பு. சின்னக் கொலுசுச் சத்தம்.

கதவருகே முதலில் மணம் வந்தது. வடகம்.

பிறகு அவள் வந்தாள். செல்வாம்பாளின் அரக்குப் புடவை. செல்வாம்பாளின் நடை. இடுப்பில் உருளி; ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு சந்திரகலா. முகம் செல்வாம்பாளின் முகம்தான். கண்களில் மட்டும், வெகுநாள் பசித்திருந்தவள் பந்தியைப் பார்த்த பார்வை.

மதாம் ஜோசஃபின் ஒரு கணம் கடைக்கோடியைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். தெரிந்தது முகத்தில் தெரிந்தது. பிறகு எழுந்து போய், வந்தவளின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

"வாங்க செல்வா. உங்களுக்காகத்தான் காத்திருந்தோம்."

உருளி திறந்தது. எல்லோரும் கையை நீட்டினார்கள். சிரிப்பு. ரொட்டி. கரண்டிகள். வந்தவள் உட்காரும்போது மேசையை ஒரு பார்வை பார்த்தாள், முதலில் சரக்கை எண்ணிவிட்டு.

சந்திரகலா சாப்பிடவில்லை. கடைக்கோடியைப் பார்த்தபடி நின்றாள்.

"அம்மா, அது யாரோடது?"

"அது இருக்கட்டும் கண்ணு" என்றாள் வந்தவள், செல்வாம்பாளின் குரலில்.

குழந்தை விரலை விடுவித்துக்கொண்டது. நாற்காலிகளுக்குப் பின்னால் நடந்து வந்தது. ஒவ்வொரு நாற்காலியாக. கொலுசு. கொலுசு. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. செல்வாம்பாளின் முழங்காலருகே வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தது. பார்க்கிறது! நேராக அவள் கண்ணை. அவள் தங்கம் அவளைப் பார்த்துச் சிரிக்கிறது.

சிரித்து, 'ஆ' என்று வாயைத் திறந்தது.

வேண்டாம், என்றாள் செல்வாம்பாள். குரல் வரவில்லை. இதுல வாய் வைக்காதடி. ஓடு. அப்பாகிட்ட ஓடிடு.

மூடி திறந்திருந்தது. அவள் திறக்கவில்லை. அவள் கை திறந்தது. அச்சாரமாகக் கொடுத்துவிட்ட கை. அது கரண்டியை எடுத்தது. முகந்தது. ஆவி பறந்தது. அவள் மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்தாள், பிடிபடவில்லை. தோளைப் பின்னால் இழுத்தாள். தோள் வந்தது. கை வரவில்லை.

மேசையின் மறுகோடியில் வந்தவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரண்டி குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது. செல்வாம்பாளின் உதடுகள் தாமாகக் குவிந்தன.

ஊதின.

ஒன்று.

இரண்டு.